பூட்டும் முத்திரையும்

அசோக வனத்தில் சிறையிருந்த சீதையின் முன் அனுமன் வந்து நின்றபோது, அவள் உடனே அவனை நம்பிவிடவில்லை. தான் இராமனுடைய தூதன் என்று அவன் சொன்னான். ஆனால், சொல்லை மட்டும் கொண்டு ஒருவனை நம்புதல் எங்ஙனம்? தவவேடம் பூண்டு வந்தவனை நம்பி வரவேற்றதனால் விளைந்த துன்பத்தையே அவள் அப்போது நுகர்ந்துகொண்டிருந்தாள். மீண்டும் இராவணனே வேறு வடிவில் வந்திருக்கக்கூடும் என்று ஐயுற்றாள். அந்த ஐயத்தைத் தீர்த்தது, இராமன் பெயர் பொறித்த கணையாழி. அதனைக் கண்ட பின்னரே அவள் மனம் தெளிந்தாள். தன் துயரையெல்லாம் எடுத்துரைத்தாள். இராமனிடம் சேர்ப்பிக்குமாறு தன் சூடாமணியையும் அளித்தாள்.

தொலைவில் இருப்பவரோடு செய்தி பேசுவோர்க்கு இரண்டு கவலைகள் என்றும் உண்டு. செய்தி பிறர் செவியில் விழுதல் கூடாது என்பது ஒன்று. செய்தியைப் பெறுபவர் உண்மையில் நாம் கருதியவர்தாமா என்பது மற்றொன்று. முதற் கவலையை எல்லாரும் எளிதில் உணர்வர். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுவர். இக்காலத்தில் கணிப்பொறிகள் இணையத்தின் வழியே ஒன்றோடொன்று ஓயாது பேசிக்கொண்டிருக்கின்றன. அப்பேச்சைக் காக்கும் முறை, இவ்விரு கவலைகளையும் தீர்ப்பதற்கென்றே அமைந்தது.

ஒருவர் இணையத்தின் வழியே இரயில் பயணச்சீட்டு வாங்குகிறார் எனக் கொள்க. அவர் காண்பது கைப்பேசித் திரையில் தோன்றும் ஒரு பக்கமே. அப்பக்கத்துக்குப் பின்னால் அவர் காணாத உரையாடல்கள் பல நிகழ்கின்றன. சீட்டு விற்கும் நிரல், வங்கியின் நிரலை அழைத்து, “இவர் கணக்கிலிருந்து இவ்வளவு பணம் பெறலாமா?” என்று வினவுகிறது. வங்கியின் நிரல் விடை தருகிறது. அதன்பின், குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனத்தின் நிரல் அழைக்கப்படுகிறது. இவ்வாறு ஒரு நிரல் மற்றொரு நிரலை இணையத்தின் வழியே அழைத்து வேலை வாங்குதலை ‘இணையச் சேவை அழைப்பு’ என்பர். அழைப்பை ஏற்று விடை தரும் கணிப்பொறி ‘சேவையகம்’ எனப்படும்.

இவ்வழைப்பு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நேரே சென்று சேர்வதன்று. இடையில் பல கருவிகள் அதனை வாங்கி, அடுத்ததன் கையில் கொடுக்கின்றன. பாதுகாப்பின்றி அனுப்பப்படும் செய்தி அஞ்சலட்டை போன்றது. அதனைக் கையாளும் எவரும் படிக்கலாம். தீய எண்ணம் உடையவராயின் எழுத்தைத் திருத்தியும் விடலாம். ‘நூறு’ என்பது ‘ஆயிரம்’ ஆகலாம். பணம் பெறுபவரின் கணக்கு எண் மாறலாம். ஆதலின், செய்தியை மறைமொழியாக மாற்றி அனுப்புதல் இன்றியமையாததாயிற்று.

மறைமொழி புதியது அன்று. அரசர்களும் படைத்தலைவர்களும் பண்டு தொட்டே அதனைக் கையாண்டுள்ளனர். ஆயினும், அதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. பூட்டி அனுப்பிய பெட்டியைத் திறக்க வேண்டுமாயின், பெறுபவரிடமும் அதே திறவுகோல் இருத்தல் வேண்டும். அத்திறவுகோலை எவ்வாறு அனுப்புவது? நம்பிக்கையான தூதரிடம் கொடுத்தனுப்பலாம். ஆனால், ஒருவரையொருவர் முன்பின் அறியாத கோடிக்கணக்கான கணிப்பொறிகளுக்குத் தூதர் எங்கிருந்து வருவர்?

இப்புதிருக்கு விடை 1976-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்க நாட்டின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் இருவர், பலர் கேட்கப் பேசியே இருவர் ஓர் இரகசிய எண்ணை உருவாக்கிக்கொள்ளலாம் என்று காட்டினர். இது கேட்பதற்கு இயலாத செயல்போலத் தோன்றும். சிறிய எண்களைக் கொண்டு செய்து பார்த்தால் உண்மை விளங்கும்.

வளவன், மாறன் என்னும் இருவர் 23, 7 என்னும் எண்களை எல்லாரும் அறிய வைத்துக்கொள்கின்றனர். வளவன் 3 என்னும் எண்ணைத் தன் மனத்தில் மறைத்து வைத்துக்கொள்கிறான். 7-ஐ மூன்று முறை பெருக்கினால் 343. அதனை 23-ஆல் வகுக்க மீதி 21. அந்த 21-ஐ மட்டும் அவன் உரக்கச் சொல்கிறான். மாறன் மறைத்து வைத்த எண் 4. 7-ஐ நான்கு முறை பெருக்கினால் 2401. 23-ஆல் வகுக்க மீதி 9. அவன் 9-ஐ உரக்கச் சொல்கிறான். இப்போது வளவன் தான் கேட்ட 9-ஐத் தன் எண்ணுக்கு ஏற்ப மூன்று முறை பெருக்குகிறான், வருவது 729. அதனை 23-ஆல் வகுத்தால் மீதி 16. மாறன் தான் கேட்ட 21-ஐ நான்கு முறை பெருக்குகிறான், வருவது 1,94,481. அதனை 23-ஆல் வகுத்தாலும் மீதி 16! இருவர் கையிலும் ஒரே எண் வந்துவிட்டது. ஆனால், அந்த 16-ஐ இருவருள் எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அருகிலிருந்து கேட்டவனுக்கு 23, 7, 21, 9 என்னும் நான்கு எண்களே தெரியும். எண்கள் சிறியனவாக இருத்தலின், அவன் சற்று முயன்றால் மறைந்த எண்களைக் கண்டுபிடித்துவிடலாம். 23-க்கு மாறாக, அறுநூறு இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்ணை எடுத்துக்கொண்டால், இன்றைய கணிப்பொறிகளாலும் அது இயலாது. இம்முறையிலும், இதன் வழிவந்த வேறு கணக்கு முறைகளிலும் பெற்ற இரகசிய எண்ணிலிருந்தே செய்தியைப் பூட்டும் திறவுகோல் ஆக்கப்படுகிறது.

இங்கு மற்றொரு செய்தியும் அறியத்தக்கது. இங்கிலாந்து அரசின் செய்தித்தொடர்புத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் எல்லிஸ் என்பார் 1970-ஆம் ஆண்டிலேயே இத்தகைய கருத்தை எழுதி வைத்தார். அவருடைய துறையைச் சேர்ந்த கிளிஃபர்டு காக்ஸ் 1973-லும், மால்கம் வில்லியம்சன் 1974-லும் அதற்குரிய கணக்குகளைக் கண்டனர். அரசின் இரகசியமாதலால், 1997-ஆம் ஆண்டு வரை உலகம் அதனை அறியவில்லை. இரகசியம் காக்கும் கலையே இரகசியமாகக் காக்கப்பட்டது!

திறவுகோல் கிடைத்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று எண்ணுதல் தவறு. வளவனுக்கும் மாறனுக்கும் இடையே வஞ்சகன் ஒருவன் புகுந்தான் எனக் கொள்க. அவன் வளவனிடம், “நானே மாறன்” என்று கூறித் தன் எண்ணைக் கொடுக்கிறான். மாறனிடம், “நானே வளவன்” என்று கூறி அங்கும் தன் எண்ணைக் கொடுக்கிறான். இப்போது வஞ்சகனுக்கும் வளவனுக்கும் ஒரு திறவுகோல். வஞ்சகனுக்கும் மாறனுக்கும் வேறொரு திறவுகோல். வளவன் பூட்டி அனுப்பிய செய்தியை அவன் திறந்து படித்து, வேண்டியவாறு திருத்தி, மறுபடியும் பூட்டி மாறனுக்கு அனுப்புகிறான். பூட்டு வலிமையானதே, ஆயினும், திறவுகோல் கள்வன் கையில் உள்ளது. பூட்டு எத்துணை வலியதாயினும், யாருக்காகப் பூட்டுகிறோம் என்பதை அறியாவிடின் அதனால் பயன் இல்லை.

ஆகவேதான் கணையாழி வேண்டப்படுகிறது. கணிப்பொறி உலகில் அதற்குச் ‘சான்றிதழ்’ என்று பெயர். சேவையகம் ஒவ்வொன்றும் இரண்டு திறவுகோல்களை வைத்திருக்கும். ஒன்று, தன்னிடம் மட்டும் மறைத்து வைக்கும் தனித் திறவுகோல். மற்றொன்று, எல்லாருக்கும் காட்டும் பொதுத் திறவுகோல். தனித் திறவுகோலைக் கொண்டு இட்ட முத்திரையைப் பொதுத் திறவுகோலைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம்; ஆனால், அத்தகைய முத்திரையைப் பிறர் எவராலும் இட இயலாது. ‘இப்பொதுத் திறவுகோல் இன்ன பெயருடைய சேவையகத்துக்கு உரியது, இந்நாள் முதல் இந்நாள் வரை செல்லும்’ என்று எழுதி, நம்பத்தக்க நிறுவனம் ஒன்று தன் முத்திரையை இட்டுத் தருவதே சான்றிதழ் ஆகும். அத்தகைய நிறுவனங்களின் பட்டியல் ஒன்று கணிப்பொறிகளிலும் உலாவிகளிலும் முன்னரே பதிக்கப்பட்டிருக்கும்.

நெட்ஸ்கேப் என்னும் நிறுவனம் 1995-ஆம் ஆண்டில் இக்கருத்துகளையெல்லாம் ஒன்றுசேர்த்து, எஸ்.எஸ்.எல். என்னும் முறையை வெளியிட்டது. அது திருத்தம் பெற்று, 1999-ஆம் ஆண்டில் டி.எல்.எஸ். என்னும் பெயரைப் பெற்றது. 2018-ஆம் ஆண்டில் அதன் 1.3-ஆம் பதிப்பு வெளிவந்தது. இணைய முகவரியின் தொடக்கத்தில் ‘எச்.டி.டி.பி.எஸ்.’ என்று இருப்பின், அங்கு நிகழும் பேச்சு இம்முறையால் காக்கப்படுகிறது என்பது பொருள்.

அழைக்கும் நிரலுக்கும் சேவையகத்துக்கும் இடையே முதலில் நிகழும் அறிமுகத்தைக் ‘கைகுலுக்கல்’ என்பர். நிரல், தான் அறிந்த பூட்டு வகைகளையும் தன் பொது எண்ணையும் முதலில் அனுப்புகிறது. சேவையகம் அவற்றுள் ஒரு வகையைத் தேர்ந்து, தன் பொது எண்ணை அனுப்புகிறது. அதனோடு தன் சான்றிதழையும், அதுவரை நிகழ்ந்த உரையாடலின்மேல் தன் தனித் திறவுகோலால் இட்ட முத்திரையையும் சேர்த்துத் தருகிறது. நிரல் இப்போது நான்கு வினாக்களை எழுப்ப வேண்டும். சான்றிதழை அளித்த நிறுவனம் பட்டியலில் உள்ளதா? நாள் கடந்துவிட்டதா? சான்றிதழில் உள்ள பெயரும், தான் அழைத்த பெயரும் ஒன்றா? உரையாடலின்மேல் உள்ள முத்திரை உண்மையானதா? நான்கிற்கும் தக்க விடை கிடைத்த பின்னரே அது தன் செய்தியைச் சொல்லத் தொடங்கும். அதன்பின் செல்லும் செய்தி ஒவ்வொன்றும் பூட்டப்பட்டே செல்லும். இடையில் ஓரெழுத்து மாறினும் பெறுபவர் அறிந்துகொள்வர். இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகின்றன.

முத்திரையிடும் நிறுவனமே ஏமாந்துபோனால் விளைவு யாதாகும்? 2011-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டில் அவ்வாறே நிகழ்ந்தது. டிஜிநோட்டார் என்னும் சான்றளிக்கும் நிறுவனத்தின் கணிப்பொறிகளுக்குள் ஒருவன் களவாகப் புகுந்து, ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களை ஆக்கிக்கொண்டான். அவற்றுள் ஒன்று கூகிள் நிறுவனத்தின் பெயரில் அமைந்தது. அதனைக் கொண்டு, ஈரான் நாட்டில் ஏறத்தாழ மூன்று இலட்சம் இணைய முகவரிகளிலிருந்து வந்த தொடர்புகள் இடைமறிக்கப்பட்டன. தம் மடல்களைப் பிறர் படிப்பர் என்று அம்மக்கள் அறியவில்லை; அவர்கள் கண்ட திரையில் பூட்டின் அடையாளம் இருக்கவே செய்தது. கூகிள் தன் தளங்களுக்குரிய உண்மைத் திறவுகோல்களைத் தன் உலாவியில் முன்னரே பதித்து வைத்திருந்தது. அதனால், அவ்வுலாவியைப் பயன்படுத்திய ஈரானியர் ஒருவர்க்கு எச்சரிக்கை தோன்றியது, குற்றமும் வெளிப்பட்டது. உலாவிகள் அந்நிறுவனத்தைத் தம் பட்டியலிலிருந்து நீக்கின. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் அது நொடித்துப்போயிற்று. அளிக்கப்படும் சான்றிதழ்களை எவரும் காணத்தக்க பொதுப் பதிவேடுகளில் எழுதி வைக்கும் வழக்கம் அதன்பின் ஏற்பட்டது.

உலாவியின் முன் மனிதர் ஒருவர் அமர்ந்திருப்பார். எச்சரிக்கை தோன்றினால் அவர் காண்பார். ஒரு நிரல் மற்றொரு நிரலை அழைக்கும்போதோ, காண்பதற்குக் கண்கள் இல்லை. நிரலை எழுதியவர் எவ்வாறு கட்டளையிட்டாரோ, அவ்வாறே அது நடக்கும். கணையாழியைக் கேளாதே என்று அவர் எழுதிவிட்டால், நிரல் கேளாது. எத்தனை ஆண்டுகள் ஆயினும் கேளாது.

இது வெறும் அச்சம் அன்று. 2012-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தையும், ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இத்தகைய நிரல்களை ஆராய்ந்தனர். ‘உலகிலேயே மிகவும் ஆபத்தான நிரல்வரிகள்’ என்னும் பொருள்படத் தம் கட்டுரைக்குத் தலைப்பிட்டனர். பணம் செலுத்தும் நிரல்கள் உள்ளிட்ட பலவற்றில் சான்றிதழைச் சரிபார்க்கும் செயல் பழுதுற்றிருந்ததை அவர்கள் கண்டனர். அவற்றுள் ஒரு பிழை வியப்புக்குரியது.

கர்ல் என்பது இணைய அழைப்புகளுக்குப் பலரும் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு. சான்றிதழில் உள்ள பெயரைச் சரிபார்த்தற்கு அதில் 0, 1, 2 என்னும் மூன்று கட்டளைகள் அப்போது இருந்தன. 0 என்றால், பார்க்க வேண்டா என்பது பொருள். 1 என்றால், சான்றிதழில் ஏதேனும் ஒரு பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தல். 2 என்றால், அழைத்த பெயரும் அப்பெயரும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்த்தல். நிரலர் ஒன்றும் எழுதாதிருந்தால், அது தானாகவே 2 எனக் கொள்ளும். சிலரோ பாதுகாப்பை உறுதி செய்வதாக எண்ணி, ‘சரிபார்த்தல்: ஆம்’ என்னும் பொருளில் எழுதினர். கணிப்பொறிக்கு ‘ஆம்’ என்பது 1 ஆகும். எனவே, எவர் பெயர் இருந்தாலும் போதும் என்று கதவு திறந்துகொண்டது. நன்மை செய்யப் புகுந்து தீமையை விளைத்தனர்! கர்லை ஆக்கியோர் அதன் அடுத்து வந்த பதிப்பில் 1 என்னும் கட்டளையை ஏற்க மறுக்குமாறு செய்தனர்.

அறியாமையால் நேரும் பிழை இது. அறிந்தே செய்யும் பிழையும் உண்டு. நிரல் ஒன்றை ஆக்கிச் சோதித்துப் பார்க்கும்போது, “சான்றிதழை நம்ப இயலவில்லை” என்று கூறி அது நின்றுவிடுகிறது. நாளையே வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும். நிரலர் ஒரு வரியை எழுதிச் சரிபார்ப்பை நிறுத்துகிறார். உடனே எல்லாம் நன்கு இயங்குகிறது. “பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்று அவர் எண்ணுகிறார். அந்தப் பிறகு வருவதில்லை. சோதனைக்காக எழுதிய வரி, மக்கள் பயன்படுத்தும் நிரலிலும் தங்கிவிடுகிறது. செய்தி பூட்டப்பட்டே செல்வதால், எவருக்கும் ஐயம் எழுவதில்லை.

தடை ஏற்படின் அதன் காரணத்தை ஆராய்தலே முறை. சேவையகம் ஒரு நிறுவனத்தின் உள்வேலைக்கு உரியதாயின், அதன் சான்றிதழில் அந்நிறுவனம் தானே இட்ட முத்திரை இருக்கலாம். அப்போது அம்முத்திரைக்கு மூலமான சான்றிதழை மட்டும் நிரலின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்தல் வேண்டும். எல்லாரையும் நம்புக என்று கட்டளையிடுதல் கூடாது. சில வேளைகளில் மூல நிறுவனத்துக்கும் சேவையகத்துக்கும் இடைப்பட்ட சான்றிதழைச் சேவையகம் அனுப்ப மறந்திருக்கும். அதனைச் சேவையகத்திலேயே திருத்துதல் வேண்டும். சான்றிதழ் நாள் கடந்ததாயின், புதியது பெற வேண்டும். கணிப்பொறியின் கடிகாரம் தவறியிருப்பின், செல்லத்தக்க சான்றிதழும் செல்லாததாகத் தோன்றும். கடிகாரத்தைத் திருத்தினால் போதும். பெயருக்கு மாறாக எண் முகவரியைக் கொண்டு அழைத்திருப்பின், பெயர் பொருந்தாமற் போகும். உரிய பெயரால் அழைத்தல் வேண்டும். இவற்றுள் எதற்கும் சரிபார்ப்பை நிறுத்துதல் மருந்து ஆகாது.

பழைய முறைகளைக் கைவிடுதலும் வேண்டும். எஸ்.எஸ்.எல். முறையின் 3-ஆம் பதிப்பில் இருந்த குறை 2014-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. டி.எல்.எஸ். முறையின் 1.0, 1.1 பதிப்புகளும் 2021-ஆம் ஆண்டில் முறைப்படி விலக்கப்பட்டன. எனவே, 1.2-ஆம் பதிப்புக்குக் கீழ்ப்பட்ட எதனையும் ஏற்காதவாறு நிரலை அமைத்தல் நன்று. சேவையகத்தை நடத்துவோர் தம் தனித் திறவுகோலைக் கண்போலக் காத்தல் வேண்டும். கணையாழி களவு போனால், அதனை வைத்திருப்பவன் எவனோ அவனே தூதன் ஆகிவிடுவான் அன்றோ?

சேவையகம் மட்டுமே தன்னை மெய்ப்பித்துக் காட்டுதல் பல இடங்களில் போதும். வங்கிகள்போன்ற நிறுவனங்களின் நிரல்கள் தம்முள் பேசும்போது, அழைப்பவர் யார் என்பதையும் அறிய வேண்டியிருக்கும். அங்கு, அழைக்கும் நிரலும் தன் சான்றிதழைக் காட்டுமாறு கேட்கப்படும். அதுவே இருவழிச் சரிபார்ப்பு. கணையாழியைப் பெற்றுக்கொண்டு சூடாமணியை அளித்த செயலை இது ஒத்தது.

ஒரு காலத்தில் சான்றிதழ் பெறுதற்குப் பொருட்செலவு ஏற்பட்டது. 2015-ஆம் ஆண்டு முதல் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ என்னும் அமைப்பு அதனை விலையின்றி வழங்கத் தொடங்கியது. சிறிய தளங்களும் தம் பேச்சைக் காத்துக்கொள்ள வழி பிறந்தது. ஆகையால், பூட்டுக்கு இக்காலத்தில் பஞ்சம் இல்லை. வேண்டுவது, எதிரில் இருப்பவர் யார் என்று கேட்கும் விழிப்பே. அறியாத சேவையகத்தைக் கண்டு ஒரு நிரல் பேச மறுத்து நிற்குமாயின், அது பழுதுபட்டதன்று. தனக்கு இட்ட பணியைச் செய்கின்றது. அதன் வாயை அடைத்துவிட்டு மேலே செல்பவர், தம்மை நம்பிப் பணத்தையும் செய்தியையும் ஒப்படைத்த எண்ணற்றவர்களின் பொருளை வழிப்போக்கன் கையில் கொடுத்தவர் ஆவர். கணையாழியைக் கேட்டதனால் சீதைக்கு இழப்பு ஒன்றும் நேரவில்லை. கேளாது நம்பிய நாளில்தான் அவள் சிறைப்பட்டாள்.